சிராயுகி விடுதி, ஏழாம் அறை

ஒசாகாவில் கினுயே கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து யென். நாற்பத்து நான்கு வருடத்துப் பாக்கி. அந்தக் காசுக்கு இன்றைக்கு ஒரு மனிதன் வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு குவளை பீரும் குடிக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அது சாவுக் காசில் பாதி. சாவு வீட்டுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுத்தவருக்கு, நாற்பத்தொன்பதாம் நாள் கழிந்ததும் அதில் பாதியைப் பொருளாகத் திருப்பிவிட வேண்டும். தேயிலை, கடற்பாசி, சோப்பு என்று தின்றோ தேய்த்தோ தீர்ந்து போகிற பொருளாக இருக்க வேண்டும். தீராத பொருளைக் கொடுத்தால் துக்கம் வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். திருப்பாமலே விட்டால் என்ன தங்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை. அது கினுயேக்குத் தெரியும்.

ஊர் பார்க்க ஏறுகிற இரும்புக் கோபுரத்தடியில் சுற்றுலாப் பேருந்து அவர்களை இறக்கிவிட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வடக்கே அவோமோரியின் வளைகுடாவிலிருந்து, ஒரே சிப்பிக் கொட்டகையில் வேலை செய்கிற பதினெட்டுப் பெண்கள். கூட்டுறவுச் சங்கத்தின் செலவில் இரண்டு இரவு ஒசாகா. காலையில் கோட்டை பார்த்தாயிற்று. கொடி பிடித்த வழிகாட்டிப் பெண், "மூணரைக்குப் பேருந்து கிளம்பிடும். அதுவரைக்கும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். மணி ஒன்றே கால். கினுயேக்கு எழுபத்தொரு வயது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. விமானம் ஏறியதும் முதல் தடவை. கோட்டையில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டபோது அவளும் நின்றாள். மனம் அங்கே இல்லை. தோள்பையில் ஒன்பது பொட்டலங்கள் இருந்தன. நடக்கும்போது அவை விலாவில் இடித்துக்கொண்டே வந்தன.

"கினு அக்கா, வா. இங்க குச்சியில குத்திப் பொரிச்சுத் தர்றாங்களாம்" என்று ஹருனோ கையைப் பிடித்து இழுத்தாள். கொட்டகையில் பக்கத்து மேசைக்காரி. சிப்பி பிளக்கும் கத்தியைவிட வாய் கூர்மை. "சாறு எல்லாருக்கும் பொதுவாம், ஒரு தடவைதான் முக்கணுமாம். ரெண்டாம் தடவை முக்கினா கையிலயே போடுவாங்களாம்."

"நீ போய் முக்கு. நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"தனியாவா? தொலைஞ்சு போனா உன்னை யாரு தேடறது? நாம பேசறது இங்க நாய்க்குக்கூடப் புரியாது."

"தெருவுல பலகை இருக்குல்ல, பாத்துக்கறேன்."

"பலகையா?" ஹருனோ சிரித்தாள். "கண்ணாடி எடுத்துட்டு வந்தியா மொதல்ல? நாப்பது வருஷமா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்னு சொன்னவதானே நீ."

"இருக்கு" என்று கினுயே பையைத் தட்டிக் காட்டினாள்.

ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்ததும் ஊரே வேறாகிவிட்டது. விட்டு வந்த பக்கம் சிரிப்பும் எண்ணெய்ப் புகையும். இந்தப் பக்கம் நடைபாதையில் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மழைக்குத் தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவே வெளிநாட்டுப் பிள்ளைகள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடகடவென்று போனார்கள்.

கணவன் எய்கிச்சி இந்தத் தெருக்களுக்கு ஐந்து குளிர்காலம் வந்திருக்கிறான். பனி விழுந்தால் ஊரில் வேலை இல்லை. ஆண்கள் தெற்கே இறங்கிக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். அவன் கடிதம் போடுவான். மாமியார் பிரித்து உரக்க வாசிப்பாள். மகனின் கடிதம் தாய்க்குத்தான் முதலில் என்று கினுயே விட்டுக்கொடுப்பதாக வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நல்ல மருமகள் என்று பேர்கூட வாங்கினாள். தம்பி தங்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவள் அவள். ஒலிக்கு ஒலி எழுதுகிற அசை எழுத்து அரைகுறை. சொல்லுக்கு ஒரு வடிவமாக வருகிற சீன எழுத்தைக் கண்டால் கண் இருண்டுவிடும். அது மாமியாருக்கும் தெரியாது, கட்டியவனுக்கும் தெரியாது.

அந்த வருடம் கோடையில் மாமியார் போய்ச் சேர்ந்தாள். ஆள் போதவில்லை என்று எய்கிச்சி பனிக்கு முன்பே கிளம்பினான். மார்கழிக் குளிர் தொடங்கும் நேரத்தில் அவனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வாசிக்க வீட்டில் ஆளில்லை. அக்கம்பக்கத்தில் நீட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். நலம் விசாரித்திருப்பான், புத்தாண்டுக்கு வருவான், வந்தால் வாயாலேயே சொல்லப்போகிறான் என்று அதைச் சாமி அலமாரியின் இழுப்பறையில் வைத்தாள். புத்தாண்டுக்கு அவன் வரவில்லை. தை பிறந்து பத்து நாளில் ஒசாகா வட்டாட்சி அலுவலகத்திலிருந்து கிராமத் தலைவர் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, எய்கிச்சி இறந்துவிட்டான் என்று. அவள் போகவில்லை. ரயில் மாறவேண்டிய நிலையங்களின் பெயரை வாசிக்கத் தெரியாதவள் எங்கே போவாள்? கொட்டகையில் வேலை நெருக்கடி என்று சொன்னாள். எலும்புச் சாம்பல் அஞ்சலில் வந்தது. கையெழுத்துக்குப் பதில் குடும்ப முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டாள். கூடவே ஓர் உறை. சாவுக்குக் கட்டும் கறுப்பு வெள்ளைக் கயிறு போட்டு, உள்ளே கசங்கிய நோட்டும் சில்லறையுமாக ஐயாயிரத்து அறுநூற்று ஐம்பது யென்னும் ஒரு காகிதமும். காகிதத்தில் என்னவோ எழுதியிருந்தது. யாருக்குத் திருப்புவது என்று தெரியவில்லை. அதுவும் இழுப்பறைக்குள் போயிற்று.

அறுபத்தெட்டாம் வயதில் ஊர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். கொட்டகைக்குத் தெரியாமல், முழங்கால் வைத்தியம் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் போனாள். கத்தி பிடித்துக் காய்த்த விரலுக்குள் பென்சில் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. போன குளிர்காலத்தில்தான் இழுப்பறையைத் திறந்தாள். காகிதத்தில் இருந்தவை ஒன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. உறையின் முதுகில் ஒசாகாவில் ஒரு விடுதியின் முகவரி. பிறகு அஞ்சலட்டையை எடுத்தாள். நான்கே வரி.

"அம்மா இல்லாத வீட்டில் தனியாக எப்படி இருக்கிறாய். இங்கே இரண்டு மாதமாக வேலை இல்லை. வெறுங்கையோடு வந்தால் பரவாயில்லையா. ஒரு வரி எழுது."

அன்றைக்கு அவள் வாசித்ததை அவளைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது பேரையும் பார்த்துப் பாதியைத் திருப்ப வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தாள். அது பொய்யில்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக அவன் காத்திருந்தானா? இல்லை, குடித்துவிட்டு மறந்துபோனான் என்று யாராவது சொல்லிவிட்டால்கூடப் போதும். அதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போய் நிம்மதியாகச் சாகலாம்.

தெருப்பெயர்கள் மாறியிருந்தன. பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடம் கழித்துக் கற்ற எழுத்து இங்கே உதவவில்லை. விடுதிப் பலகை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மறுபடியும் கண் இருண்டது. மறுபடியும் யாரிடமாவது "கண்ணாடி இல்லை" என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தபோது, வெள்ளையடித்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நிலைக்கு மேலே, பெயர்த்தெடுக்க மறந்த பழைய மரப்பலகை தெரிந்தது. முதல் எழுத்து 'வெள்ளை'. இரண்டாவது 'பனி'. வகுப்பில் அவள் முதன்முதலாகக் கற்ற எழுத்து அந்தப் பனிதான். சிராயுகி விடுதி.

உள்ளே முன்மேசையில் மூக்குத்தி போட்ட பெண் ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்பதிவு இருக்குங்களா பாட்டிம்மா?"

"தங்க வரலம்மா. முன்னாடி இங்க இருந்தவங்களப் பத்திக் கேக்கணும். ரொம்ப முன்னாடி."

வடக்குப் பேச்சு அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். "மொசாக்கு ஐயா! பழைய ஆளு யாரோ வந்திருக்காங்க!"

துடைப்பத்தோடும் வாளியோடும் ஒரு கிழவர் படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தார். எண்பது இருக்கும். முதுகு வளைந்து, பல் பாதி போய், கழுத்தில் ஈரத் துவாலை. அவள் சசமோரி எய்கிச்சியின் பெயரைச் சொன்னாள். தான் அவன் மனைவி என்றாள். கிழவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"நீதானா அது" என்றார். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேல வா. மூணு மணிக்கு ஆளு வருது, அதுக்குள்ள அறையைச் சுத்தம் பண்ணணும்" என்று திரும்பி ஏறத் தொடங்கினார்.

மூன்றாம் மாடி, ஏழாம் அறை. மூன்று பாய் விரிக்கிற அளவு. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். சுவரில் புதுக் காகிதம் ஒட்டி, தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். ஜன்னல் மட்டும் பழையது. அதற்கு வெளியே ரயில் பாலம். கினுயே வாசலிலேயே நின்றாள். கிழவர் அழுக்கு விரிப்பை உருவிப் போட்டுவிட்டுப் புது விரிப்பை உதறினார். ஒருவரால் உதற முடியாத அகலம். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்து, மூலைகளைச் செருகினார்கள். அவள் செருகியது தலைமாட்டுப் பக்கம்.

"வேலைக்காரக் கைதான்" என்றார் கிழவர், அவள் விரல்களைப் பார்த்து. "அப்புறம் ஒரு வரி எழுதறதுக்கு அந்தக் கைக்கு என்ன வந்துச்சு? சுளுக்கா?"

அவள் கேட்க வந்த கேள்விக்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. நாற்பத்து நான்கு வருடமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தவர் போலப் பேசினார்.

"அந்த வருஷம் எண்ணெய் விலை ஏறி நாடே படுத்துக்கிச்சு. காலையில அஞ்சு மணிக்கு ஆயிரம் பேர் நிப்போம், அம்பது பேரை ஏத்திக்கிட்டு வண்டி போயிடும். உம் புருஷன் கீழ தபால்பெட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு தரம் இறங்குவான். நாங்க கேலி பண்ணுவோம், பொண்டாட்டி முட்டை போட்டாளா பாத்தியான்னு. சிரிப்பான். காசில்லாமதான் போகாம இருக்கான்னு நெனச்சு ஒகுரிதான் தொப்பிய நீட்டி வசூல் பண்ணான். ஒகுரி படிச்சவன், எங்களுக்கெல்லாம் எழுதிக் குடுக்கறவன். ஒன்பது பேரு போட்டோம். வண்டிச்செலவு, கூட ஒரு பொட்டலம் இனிப்பு. அவ்வளவும் சேந்துச்சு."

"வண்டிச்செலவா?" என்றாள் கினுயே. "அது சாவுக் காசு இல்லையா?"

"சாவுக்குப் போட எங்ககிட்ட ஏது காசு? உயிரோட இருக்கறவனுக்குப் போட்டதும்மா அது. கையில குடுத்தோம். வாங்கிக் கும்பிட்டான். தலைக்கடியில வச்சுக்கிட்டான். எப்படா வண்டின்னு கேட்டா, 'வீட்டுலேருந்து ஒரு வரி வரட்டும், கூப்பிடாம எப்படிப் போறது'ன்னான். சொந்த வீட்டுக்கு! புத்தாண்டு வந்துச்சு, போச்சு. சளி நெஞ்சுல இறங்கிச்சு. காலையில நான்தான் இந்தக் கதவைத் தட்டினேன். சுருண்டு கெடந்தான். காசு தலைக்கடியில அப்படியே இருந்துச்சு, ஒரு யென் குறையாம. ஒகுரி கடையில ஒரு சாவு உறை வாங்கி அதுல போட்டு உனக்கு அனுப்பிட்டான்."

ரயில் ஒன்று பாலத்தில் போயிற்று. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கியது. கினுயே புது விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். விரித்தது கசங்கிவிடுமே என்று அப்போதும் மெத்தைமேல் உட்காரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை வாயைவிட்டு வந்தது. "எழுதவும் தெரியாது, அப்போ. அவர் போட்டதைப் படிக்கவே இல்ல. யாருகிட்டயும் காட்ட வெக்கம். போன வருஷந்தான் படிச்சேன்."

கிழவர் அவளையே பார்த்தார். துவாலையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தைத் துவாலைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"த்சு" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து அவளுக்கு எதிரே மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். "நான் சுரங்கத்துல பொறந்தவன். ஒன்பது வயசுல கரி தள்ளப் போயிட்டேன். எம் பேரை எழுதிக் காட்டினா இது யாரு பேருன்னு கேப்பேன், இன்னைக்கும். கீழ அந்தப் பொண்ணு தெனமும் அறை நம்பர் எழுதிக் குடுக்குது. நம்பர் தெரியும். பக்கத்துல என்னமோ கிறுக்கியிருக்கும், தலையாட்டிட்டு வந்துடுவேன்."

"கண்ணாடி இல்லைன்னு சொல்லுவீங்களா?"

"எனக்குக் கை ஈரம்" என்றார் கிழவர். "எப்பவும் கை ஈரம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அந்த மூன்று பாய் அறைக்கே போதவில்லை, சட்டென்று தீர்ந்துவிட்டது.

"அந்தக் காகிதம் வச்சிருக்கியா?" என்று கேட்டார் மொசாக்கு. குரல் மாறியிருந்தது. "ஒகுரி எழுதினானே, பேருப் பட்டியல்."

அவள் எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வாசித்தாள். "ஒகுரி தமெசோ, ஆயிரம். இவாகிரி, ஆயிரம். ஹத்தோரி, ஆயிரம்."

"இவாகிரி சாரத்துலேருந்து விழுந்தான். ஹத்தோரிய பூங்காவுல வெறைச்சுப் போய் எடுத்தோம். ஒகுரி அப்புறம் ரொம்ப நாள் இருந்தான், ஈரல் போச்சு. படி."

அடுத்த ஐந்து பேருக்கு ஐந்நூறு ஐந்நூறு. ஒவ்வொரு பெயருக்கும் கிழவர் ஒரு சாவைச் சொன்னார். இரண்டு பேருக்கு மட்டும் கையை விரித்தார். அவர்கள் ஒரு காலையில் வேலை வண்டி ஏறிப் போனவர்கள், திரும்பவில்லை. எட்டு பேரில் ஒருவரின் எலும்பைக்கூட யாரும் கேட்டு வரவில்லை. கண்டெடுத்த ஆறு பேரும் நகராட்சிக்காரர்களின் பொதுக் குழியில் ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

எட்டாவது பெயர் முடிந்ததும் மொசாக்கு தரையைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"இல்ல. இன்னொண்ணு இருக்கு. கடைசியில. அசை எழுத்துல மட்டும் எழுதியிருக்கு. மொ, சா, க்கு. நூத்தம்பது."

கிழவர் நிமிர்ந்து, "போட்டிருக்கானா?" என்றார். "என்கிட்ட அன்னைக்கு ரெண்டே காசுதான் இருந்துச்சு. ஒரு நூறு, ஒரு அம்பது. ஒகுரி வாங்கிக்கிட்டுச் சிரிச்சான், 'இதை எழுதினா மையிக்கு ஆகாது'ன்னு. எழுதலைன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்." காகிதத்தை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். கை ஈரமாகத்தான் இருந்தது. அவசரமாகச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். "பாவி. போட்டதுதான் போட்டான், ஐந்நூறுன்னு போடக் கூடாதா."

கினுயே பையைத் திறந்து பொட்டலங்களை எடுத்து வைத்தாள். காயவைத்த சிப்பிச் சதை, அவளே பிளந்து, அவித்து, உலர்த்தியது. அவரவர் பணத்தில் பாதிக்குச் சரியாக நிறுத்து, மேலே பெயர் எழுதியிருந்தாள். மொசாக்குவின் பொட்டலத்துக்கு எழுபத்தைந்து யென். ஒன்றரைத் துண்டு வந்தது. உடைக்க மனமில்லாமல் இரண்டாக வைத்திருந்தாள்.

கிழவர் தலையை ஆட்டினார். "சாவுக் காசுன்னாத்தான் பாதி. இது வண்டிச்செலவு. போகாத வண்டிக்குச் செலவு முழுசாத்தான் திரும்பணும்."

அவள் பணப்பையைத் திறந்து ஒரு நூறையும் ஓர் ஐம்பதையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டு, பல் இருக்கிற பக்கத்துக்குத் தள்ளினார். "உப்பு இருக்கு" என்றார்.

"இந்த எட்டும்?"

"பூங்காவுல குந்தியிருக்கானுங்களே, அவனுங்களுக்குக் குடுத்துடறேன். பொழுது சாயற வரைக்கும் சப்புவானுங்க. செத்தவனுங்க கணக்கைத் தீத்து எழுதிடு. கேக்க ஆளில்லாத கடன்."

கொட்டகையில் ஒவ்வொரு கூடையும் எண்ணி முடிந்ததும் மேஸ்திரி சீட்டில் ஓர் எழுத்துப் போடுவார். 'தீர்ந்தது' என்று அர்த்தம். ஒரே எழுத்து, பதினொரு கோடு. கினுயே பென்சிலை எடுத்து, காகிதத்தை ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்து, மொசாக்குவின் பெயருக்குக் கீழே முதலில் எழுதினாள். கோணலாக வந்தது. பிறகு ஒகுரிக்கு, இவாகிரிக்கு, ஹத்தோரிக்கு. கிழவர் பக்கத்தில் நின்று மென்றுகொண்டே ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். ஒன்பதாவது எழுத்தை எழுதும்போது பென்சில் வழுக்கவில்லை.

கீழே வாசலில் சக்கரப் பெட்டியின் சத்தம் வந்து நின்றது. முன்மேசைப் பெண் ஏதோ ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. மூன்று மணிக்கு முன்னாலேயே ஆள் வந்துவிட்டது. மொசாக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா வா, படி செங்குத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

காகிதத்தை மடித்து உறையில் வைக்கும்போது எய்கிச்சியின் அஞ்சலட்டை கையில் தட்டுப்பட்டது. அதையும் எடுத்து ஜன்னல் சட்டத்தில் வைத்தாள். கடைசி வரிக்குக் கீழே ஒரு விரல் அகலம் வெற்றிடம் இருந்தது. அவன் கேட்ட ஒரு வரியை எழுதப் பென்சிலை அங்கே கொண்டுபோனாள். சக்கரப் பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. பாலத்தில் வடக்கே போகிற ரயில் வந்தது. கண்ணாடி நடுங்கியது, சட்டத்தில் ஊன்றிய கையிலிருந்த பென்சில் முனையும் அட்டைக்கு மேலே, அதைத் தொடாமல், நடுங்கிக்கொண்டிருந்தது.